கைதட்டலுக்கு எத்தனை பங்கு?

ஏன் மாப்ளே, கருவூலத்துல வேலை கிடைச்சதும் உம் பேச்சே மாறிப்போச்சே! "கஷ்ட காலம் மாமா, ஆசுபத்திரிக்காரவுகளுக்குச் சம்பளம் கூட்டக் கஜானாவுல காசு இல்ல"ங்குறே. நல்ல பேச்சு. இந்தத் தேவிபட்டினத்துக் கிழவன் மூணு யோசனை சொல்றேன், மேலிடத்துக்கு எழுதிப்போடு. பதவி உயர்வு வந்தாலும் வரும்.

முதல் யோசனை, பேரை மாத்து. ஊழியர்னா சம்பளம் கொடுக்கணும். தன்னார்வலர்னா ஊக்கத்தொகை போதும். 2021 ஆகஸ்டுல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சப்ப அதைத்தானே செஞ்சாக? மகளிர் குழுப் புள்ளைக வீடு வீடாப் போயி பிரஷர் பாக்குது, சுகர் பாக்குது, உங்க அத்தைக்கு மாத்திரை கொடுக்குது. ஆரம்பத்துல மாசம் 4,500 ரூவா. 2024-ல ஐ.நா. விருதே வந்துச்சு. விருது திட்டத்துக்கு, வெயிலு புள்ளைகளுக்கு.

ரெண்டாவது யோசனை, "ரெண்டு வருஷம் பொறு"ன்னு சொல்லு. 2015-ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வச்சு ஆயிரக்கணக்குல நர்சுகளை எடுத்துச்சு. தொகுப்பூதியம் 7,700, ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு பேச்சு. நாளுக்குப் பிரிச்சா 257 ரூவாகூட முழுசா வரலை. 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல போராட்டம்னு உக்காந்த பிறகுதான், மறுவருஷம் 14,000 ஆச்சு. வாக்குங்கிறது வலை மாதிரி மாப்ளே, கண்ணைப் பெருசா வச்சிட்டா எல்லாம் நழுவிரும்.

மூணாவதுதான் ரொம்ப மலிவு: கைதட்டு. கொரோனா வந்தப்ப ஆசுபத்திரிக்காரவுகளுக்காக 2020 மார்ச் 22-ல தட்டினோம். ஏப்ரல் 5 ராத்திரி ஒம்பது மணிக்கு ஒம்பது நிமிஷம் விளக்குப் பிடிச்சோம். நம்ம ஊர்க் கடல்ல ஒம்பது கல்லு நிக்குதா, எனக்கு அந்தக் கணக்கு உடனே பிடிச்சுப்போச்சு. மே 3-ல ஹெலிகாப்டர்லேர்ந்து ஆசுபத்திரி மேல பூத் தூவினாக. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் நம்ம தமிழ்நாட்டு அரசாங்கம் அகவிலைப்படி உயர்வை 2021 ஜூன் வரைக்கும் நிறுத்திவச்சுச்சு. அரசு டாக்டர், நர்சுக்கும் சேத்துத்தான். கொரோனாவுக்குன்னு 14,000-க்கு எடுத்த நர்சுகளை 2022 டிசம்பர் 31-ஓட வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு. கரையேறினதும் துடுப்பை வெட்டி அடுப்பெரிச்ச கதை.

சிரிக்காதே. இப்ப வள்ளத்துக் கணக்கைக் கேளு. மீன்பாடு இல்லாத நாளு நாங்களும் எத்தனையோ பாத்தாச்சு. டீசல், ஐஸ் செலவு கழிச்சு மிச்சத்தைப் பங்கு வைப்போம். குறைஞ்சா வள்ளத்துக்கும் குறையும், வலைக்கும் குறையும், ஆளுக்கும் குறையும். வள்ளக்காரன் முழுப் பங்கை மடியில கட்டிக்கிட்டு, வலை இழுத்தவனைப் பாத்துக் கைதட்டினான்னா மறுநாள் வள்ளம் கரையிலதான் கிடக்கும்.

கடலுக்கு அங்கிட்டு இலங்கையப் பாரு. 2022-ல கஜானா காலி. டாக்டர்மாருக வெளிநாட்டுக்குக் கிளம்பினாக. 2024 தொடக்கத்துல டாக்டர்களுக்கு மட்டும் ஒரு படியை 35,000-லேர்ந்து 70,000 ஆக்கப் போக, மத்த சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தத்துல இறங்கிட்டாக. பங்கு கோணினா இருக்கிற கையும் போயிரும்.

காசில்லாத காலத்துலதான்யா சனம் தனியார் ஆசுபத்திரிய விட்டுட்டு அரசாங்க ஆசுபத்திரி வாசல்ல வந்து நிக்கும். வேலை கூடுற நேரம் பாத்துக் கூலிய அமுக்குறது எந்தூரு நியாயம்? பாடு குறைஞ்சா எல்லாப் பங்கும் குறையட்டும். ராத்திரி முழிச்சிருந்து நாடி பிடிச்சவ பங்கு மட்டும் கடைசியாக் குறையட்டும். இதை உன் கோப்புல எழுது.

எழுத மாட்டியா? சரி, இந்த மாசம் உனக்குச் சம்பளம் வேணாம். ஒண்ணாந் தேதி வெள்ளன வா, நான் கைதட்டுறேன்.