சுவிட்ச் இன்ஸ்பெக்டர்

காலை வணக்கக் கூட்டத்துக்கு மணி அடித்ததும் பள்ளி முழுக்க மைதானத்துக்கு ஓடும். ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் நடப்பார். வயது பதின்மூன்று. இரட்டைச் சடை, பச்சை பேட்ஜ், கையில் நாற்பது பக்க நோட்டு. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் மின்சிக்கன லீடர். மாணவர்கள் வைத்த பெயர் சுவிட்ச் இன்ஸ்பெக்டர். ஆளில்லாத வகுப்பில் நான்கு ஃபேன்கள் காலி பெஞ்சுகளுக்கு விசிறிக்கொண்டிருப்பதைக் கண்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். கேஸ் கிடைத்தாயிற்று!

பள்ளிகளில் தேசிய பசுமைப் படை 2001-ல் தொடங்கியது முதலே இந்த ரகத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. முன்னோர்கள் மரக்கன்று நட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், கன்றை ஆட்டுக்கு விட்டுவிட்டார்கள். இவரோ கணக்குப் போடுகிறவர். சாதாரண ஃபேன் 75 வாட். சோக்கோடு சேர்த்துப் பழைய டியூப்லைட் 50 வாட்டை நெருங்கும். வகுப்புக்கு நான்கு ஃபேன், நான்கு லைட் என்றால் அரை கிலோவாட். அரை மணி நேரம் வீணாக ஓடினால் கால் யூனிட். இருபது வகுப்புக்கு ஐந்து யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு. ஆக, தலைமையாசிரியர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் பள்ளி மூன்றரை கிலோ கரியமில வாயுவுக்குக் காரணமாகிவிடுகிறது. பேச்சைச் சுருக்கினாலும் பூமிக்கு நல்லதுதான் என்பது நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்பு.

ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டு "மிச்சம் பிடிச்சாச்சு" என்பவர்களையும் இவர் விடுவதில்லை. சுவரில் இருக்கும் பழைய பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். சுடும். ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே உட்கார்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. மின்னணு ரெகுலேட்டர் போட்டால் அந்த நஷ்டம் இல்லை, 30 வாட் சொச்சத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் இன்னும் விசேஷம் என்று அறிவியல் ஆசிரியரிடமே விளக்குவார். ஆசிரியர் பொறுமையாகத் தலையாட்டுவார். பாடம் அவர் எடுத்ததுதான்.

இதுவரை எல்லாரும் கைதட்டினார்கள். சிக்கல் மோட்டாரில் வந்தது.

பள்ளிக் கிணற்று மோட்டார் 5 குதிரைத்திறன். ஒரு மணி நேரம் ஓடினால் நான்கு யூனிட் சுமாருக்குப் போகும். அதைப் போட்டுவிட்டு வாட்ச்மேன் அண்ணன் டீக்குப் போவார். மாடியிலிருந்து அருவி கொட்டினால் டேங்க் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். இருபது வகுப்பில் ஓடி ஓடி அணைத்து மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதியை ஒரு டீயும் பஜ்ஜியும் விழுங்கிவிடுவதை இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்தார். டேங்க் நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்று மனு எழுதினார். "முதல்ல படிக்கிற வேலையைப் பாரும்மா" என்று பதில் வந்தது. ஃபேனை அணைக்கிற குழந்தையைப் பெரியவர்களுக்குப் பிடிக்கும். மீட்டரைப் படிக்கத் தெரிந்த குழந்தையை அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். பகல் பதினொரு மணிக்கு அரங்கின் ஜன்னல்களைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, ஆளுயர ஸ்பீக்கர் வைத்துக் கொண்டாடினார்கள். 'மின்சாரம் சேமிப்போம்' என்ற ஃப்ளெக்ஸுக்கு மட்டும் இரண்டு ஃபோகஸ் லைட். முதல் பரிசு இவருக்குத்தான். வாங்கிக்கொண்டு இறங்கும்போது போகிற போக்கில் ஒரு லைட்டை அணைத்துவிட்டுப் போனார்.

அவர் அறையில் நடிகர் படம் கிடையாது. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரின் படம்தான். கரி அடுப்புக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசியவர். படத்தை ஒட்டிய கையோடு இன்ஸ்பெக்டர் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கும் சட்டம் போட்டார்: வாரத் துணி முழுவதும் ஒரே தடவையில்.

வீட்டில் பாட்டிதான் சீனியர் அதிகாரி. அறையைவிட்டு நகரும்போதே லைட்டை அணைத்துப் பழகியவர். ஆனால் கார்பன் விஷயத்தில் சமரசம் இல்லை. "எழுநூறு கிராமா? புகைக்கு ஏதுடி எடை? எந்தத் தராசுல நிறுத்தான்?"

அப்பாவோடு நடப்பது ஏ.சி. யுத்தம். மகள் 24-ல் வைப்பார். 2020 முதல் நட்சத்திர முத்திரை ஏ.சி.கள் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தி திறன் பணியகம். மகள் தூங்கியதும் அப்பா 18-க்கு இறக்குவார். பிடிபட்ட அன்று அவருடைய வாதம் அபாரம்: "இது ஆடி மாசம்மா. ஆரல்வாய்மொழிக் காத்தாடி கரண்ட். புகையே கிடையாது."

"நாம மிச்சம் பிடிச்சா மேட்டூர்ல அவ்வளவு நிலக்கரி எரிய வேண்டாம்ப்பா."

அம்மா அதுவரை நடுநிலை வகித்தவர். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சலுகை விலை போய்விடும் என்று ஈபி அட்டையைக் காட்டி மகள் விளக்கிய இரவே ரிமோட் அம்மாவின் தலையணைக்கு அடியில் போய்விட்டது.

மாலையில் ரோந்து பள்ளி வாசலில். பேருந்துகள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு.

"அண்ணா, கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. இன்ஜினை ஆஃப் பண்ணுங்களேன்."

"ஆஃப் பண்ணா செல்ஃப் எடுக்காது பாப்பா. நீயா வந்து தள்ளுவே?"

மறுநாள் பேருந்துக்குப் பின்னால் பள்ளியின் கபடி அணி மொத்தமும் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தார். சாவியைத் திருப்பி அணைத்தார். பத்து நிமிடம் கழித்து வண்டி முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டது. கபடி அணிக்குத்தான் ரொம்ப ஏமாற்றம்.