எலுமிச்சம்பழ உபன்யாசகர்

சுவருக்குக் கறுப்புக்குப் பக்கத்தில் போகிற பச்சைப் பெயின்ட் அடித்து, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதியை மாட்டி, அதற்கு மேலே பித்தளை விளக்கும் போட்டுவிட்டவர் வீட்டு விருந்தில் சாப்பாடு உடனே வராது. முதலில் எலுமிச்சம்பழம் வரும். பாதி உரித்த தோல் மேசை விளிம்பில் சுருளாகத் தொங்கும் அந்தப் பழத்தைக் காட்டி, பார்க்க அழகு, கடித்தால் புளிப்பு, வாழ்க்கையும் இப்படித்தான் என்பார். அடுத்தது கவிழ்ந்து கிடக்கும் கோப்பை: செல்வம் இப்படித்தான் சாயும். திறந்து வைத்த பைக்கடிகாரம்: காலம் ஓடுகிறது. மண்டையோட்டுக்கு விளக்கமே தேவையில்லை, ஆனாலும் விளக்குவார். பூங்கொத்துப் படமாக இருந்துவிட்டால் இன்னும் கஷ்டம். எங்கோ ஓர் இலையில் உட்கார்ந்திருக்கும் ஈயை விருந்தாளியே கண்டுபிடிக்க வேண்டும், அதுவரை விடமாட்டார். கண்டுபிடித்த பிறகு, அது அழுகலின் அடையாளம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிட உட்கார வேண்டும். சூப் ஆறிப்போவதும் நிலையாமைக் கணக்கில்தான் சேரும் போலிருக்கிறது.

படத்தை மாட்டியதில் குற்றமே இல்லை. என் வழக்கெல்லாம் உபன்யாசத்தின் மேல்தான். ஏனென்றால் இந்த ஓவியங்கள் துறவிகளுக்காக வரைந்தவை அல்ல. வாங்கியவர்கள் காசு பார்த்த நகரத்து மனிதர்கள். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சீனப் பீங்கானும் மிளகும் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. வில்லெம் கால்ஃப் வரைந்த மேசைகளில் அந்தப் பீங்கான் கிண்ணங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், தங்கப் பூண் கட்டிய நாட்டிலஸ் சிப்பி எல்லாம் மின்னும். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் படத்தில் சிவப்புச் சிங்கி இறால் வேறு கிடக்கிறது. உபன்யாசகரின் உயிரான எலுமிச்சையே ஹாலந்துக் குளிரில் விளையாதது, தெற்கேயிருந்து வந்த சரக்கு. அதைச் சுவரில் மாட்டியவர் வாழ்க்கையின் புளிப்பைச் சொன்னதைவிட, எங்கள் வீட்டில் எலுமிச்சை உண்டு என்று சொன்னதற்கே வாய்ப்பு அதிகம். வரைந்தவருக்கோ, தோலின் சொரசொரப்பையும் சுளையின் ஈரத்தையும் ஒரே பழத்தில் காட்டிக் கைத்திறனை நிரூபிக்க அதைவிட வசதியான பொருள் கிடையாது. பணக்காரர் வீட்டு விவகாரம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. 1640இல் ஆம்ஸ்டர்டாமுக்குப் போன ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி, ரொட்டிக் கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர் வரை கடையிலேயே படம் மாட்டியிருப்பதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அவர்களெல்லாம் வாடிக்கையாளரை நிறுத்திவைத்து மரணத்தைப் பற்றிப் பேசியிருந்தால் ரொட்டி விற்றிருக்காது.

அப்படியானால் அடையாளங்களெல்லாம் கட்டுக்கதையா என்று கேட்கலாம். இல்லை. பீட்டர் க்ளாஸ் 1630இல் வரைந்து இப்போது ஹேக் நகரின் மௌரிட்ஷைஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில் மண்டையோடு, கடிகாரம், கவிழ்ந்த கண்ணாடிக் கோப்பை மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. அதற்கு நிலையாமையைத் தவிர வேறு பொருள் சொன்னால் அடம்தான். டச்சு ஓவியங்களுக்குள் ஒளிந்திருக்கும் நீதிகளைத் தேடி எடுத்த அறிஞர் எடி டி யோங் விளையாட்டுக்கு அதைச் செய்யவில்லை. ஆனால் 1983இல் ஸ்வெட்லானா ஆல்பெர்ஸ், அந்த ஓவியர்களுக்குக் கண்ணால் கண்டதை அப்படியே விவரிப்பதே பெரிய வேலையாக இருந்தது என்று ஒரு புத்தகம் முழுக்க வாதாடினார். அறிஞர்களே முடிக்காத வழக்கில் நம்மவர் ஸ்டார்ட்டர் வருவதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறார். மண்டையோடு இருக்கும் படத்துக்குச் சொல்ல வேண்டியதை, பாலாடைக்கட்டியும் ரொட்டியும் மட்டும் இருக்கும் காலை உணவுப் படத்துக்கும் சொல்கிறார். அந்த ரொட்டி வெறும் ரொட்டியாக இருக்க உரிமை இல்லையா?

ஒரு விஷயத்தில் அவர் பக்கம் பேசத்தான் வேண்டும். எல்லாம் அழியும் என்று போதிக்கும் படத்தின் கீழே பிளாஸ்டிக் டூலிப் வைத்திருப்பதைப் பலர் கிண்டல் செய்கிறார்கள். அம்ப்ரோசியஸ் போஸ்ஷார்ட்டின் பூங்கொத்துகளில் வெவ்வேறு பருவத்தில் பூக்கும் மலர்கள் ஒரே ஜாடியில் நிற்கும். அப்படியொரு கொத்து எந்தத் தோட்டத்திலும் ஒரே நாளில் பறித்ததல்ல, தனித்தனியாகப் பார்த்து வைத்துக்கொண்டு சேர்த்து வரைந்தது. பொய்ப் பூவுக்கு அந்த மரபில் இடமுண்டு. தூசியை மட்டும் அவ்வப்போது துடைத்தால் போதும்.

இவராவது நல்ல கலையை வீட்டுக்குள் கொண்டுவந்தாரே, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் உயர்தரப் படங்களை 2012 முதல் இலவசமாக இணையத்தில் தருவது இதற்குத்தானே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அருங்காட்சியகத்தில் அட்ரியான் கோர்ட்டே 1697இல் வரைந்த ஆஸ்பராகஸ் கட்டு ஒன்று இருக்கிறது. 25 சென்டிமீட்டர் உயரம், 20.5 அகலம். கிட்டப் போய் மூச்சடக்கிப் பார்க்க வேண்டிய படம். நம்மவர் அதை ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருக்கிறார், ஒவ்வொரு தண்டும் விருந்தாளியின் கைப் பருமன். இதற்கும் ஏதாவது தத்துவம் வைத்திருப்பார் என்று பார்த்தால் இல்லை. சோபாவின் நீளத்துக்கு வேறு சைஸ் எடுப்பாக இல்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, சாப்பிடக் கூப்பிடுகிறார்.