மாதிரிக்கு ஒன்று

எங்கள் வீட்டுச் சமையலறையில், அடுப்பு மேடைக்குக் கீழே ஒரு டிராயர் இருக்கிறது. அதில் வேலை செய்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது. விரிந்துபோன குக்கர் கேஸ்கெட்டுகள், உருகிப்போன சேஃப்டி வால்வுகள், பல் தேய்ந்த மிக்ஸி கப்ளர்கள், குழாய் வாஷர்கள், எந்த டப்பாவுக்கும் சேராத மூடிகள். எதையும் தூக்கிப் போட அம்மா விடமாட்டார். "மாதிரிக்கு இருக்கட்டும்டா" என்பார்.

மாதிரி என்றால், ஏதாவது பழுதானதும் அந்தப் பழசையே ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவார். கல்லாவின் மேல் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு குடுப்பா" என்பார். கம்பெனி பெயர், லிட்டர் கணக்கு எதையும் நம்பமாட்டார். "அஞ்சு லிட்டர்னு கேட்டா அஞ்சு கம்பெனிக்காரன் அஞ்சு சைஸ்ல குடுப்பான். எது நம்ம குக்கர்ல உக்காரும்னு அவனுக்கு என்ன தெரியும்?"

இப்படிப்பட்டவர் வயிற்றில் பிறந்த நான், 2022 தீபாவளி போனஸை எடுத்துக்கொண்டு, வெறுங்கையோடு ரிச்சி தெருவுக்குப் போனேன்.

காரணம் என் மகன். ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆரம்பித்து, அதைக் கடையில் மொத்தமாக வாங்குவது முட்டாள்தனம், நாமே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் பாதிச் செலவு என்று முடித்தான். பாதி என்ற சொல்லைக் கேட்டபிறகு கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு வேறு எதுவும் காதில் விழாது. "லேப்டாப்பே வாங்கிடலாமே" என்று என் மனைவி சொன்னதும் விழவில்லை.

நான் முதலில் வாங்கியது கேபினெட். இதைச் சொல்லும்போதே விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மனை வாங்குவதற்கு முன்னால் கேட்டை வாங்கியவன் நான். என்ன செய்வது, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, முகப்பில் மூன்று ஃபேன், கடைக்காரர் சுவிட்சைத் தட்டியதும் நவராத்திரி மாதிரி கலர் கலராக எரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் எரியவில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்க எஸ்எம்பிஎஸ் என்ற ஒன்று வேண்டுமாம். இரண்டு மாதம் சும்மா நின்றது. மூன்றாவது வாரமே அம்மா அதில் பேரனின் சதுரங்கக் கோப்பையையும் ஒரு தஞ்சாவூர் பொம்மையையும் வைத்துவிட்டார்.

அடுத்தது பிராசசர். நம் ஊரில் மேசைக்கடியில் நிற்கும் முழுப் பெட்டிக்கும் சிபியு என்றுதான் பெயர். உண்மையான சிபியு என் உள்ளங்கையில் உட்கார்ந்தது: 4 சென்டிமீட்டர் சதுரம், பெரிய சைஸ் பிஸ்கட் அளவுகூட இல்லை. அடியில் 1331 ஊசிக்கால்கள், ஒவ்வொன்றும் தலைமுடி போல. ஏஎம்டி ரைசன் 5 5600. ஆறு கோர். இந்தப் பெயரை எழுதிக் கொடுத்தவன் மகன். எழுத்துக்கு எழுத்து அப்படியே வாங்கி வா, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மதர்போர்டை அலுவலக நண்பரிடம் வாங்கினேன். பி450 சிப்செட், நாலு வருடம் ஓடியது, பாதி விலை. இதிலும் பாதி. சாக்கெட் ஏஎம்4, பிராசசரும் ஏஎம்4. பொருந்தாமல் எங்கே போகும்?

இந்த இடத்தில் ஜாதகப் பொருத்தத்தை இழுக்கக் கை துறுதுறுக்கிறது. கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிற எல்லோரும் இழுத்துவிட்டதால் விடுகிறேன். ஆனால் ஒன்று: சாக்கெட் பெயர் ஒன்றாக இருப்பது, மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே ஊர் என்பது போலத்தான். அதற்குமேல் அது எதற்கும் உத்தரவாதம் இல்லை. இன்டெல் 2015-ல் 1151 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசசர்கள் அதில் உட்கார்ந்தன. 2017-ல் எட்டாம் தலைமுறை வந்தது. சாக்கெட்டின் பெயர் அதே 1151, தொடுபுள்ளிகளும் அதே 1151. பழைய போர்டில் வைத்தால் அழகாக உட்காரும். வேலை மட்டும் செய்யாது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம பழைய மிக்ஸி ஜாரும் அப்படித்தானே, புது மிக்ஸியில உக்காரும், சுத்தாது" என்று வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

ரேம் வாங்கியது தனிக் கதை. "16 ஜிபி ரேம்" என்றேன். "டிடிஆர் ஃபோரா, ஃபைவா சார்?" என்றார் கடைக்காரர். சின்ன தோசையா பெரிய தோசையா என்று கேட்கிற மாதிரி இருந்தது. மகனுக்கு வாங்குவதில் கஞ்சத்தனம் பார்ப்பேனா? "ஃபைவ்" என்றேன், பக்கத்தில் நின்றவருக்கும் கேட்கும்படி.

டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் காலில் 288 தொடுபுள்ளிகள். நீளம் ஒன்று, நிறம் ஒன்று. வித்தியாசம், அடியில் இருக்கும் வெட்டு. அது சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். என்னைப் போன்றவர்கள் மாற்றிச் செருகிவிடக்கூடாது என்றே தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனால் ரேமில் ஒரு சங்கடம் உண்டு. சரியான ரேமும் சும்மா உள்ளே போகாது. இரண்டு கட்டைவிரலாலும் பலமாக அழுத்தினால்தான் 'டக்' என்று கொக்கி மாட்டும். ஆகவே முதல்முறை செய்பவனுக்கு, இது போகவேண்டிய முரண்டா, போகக்கூடாத முரண்டா என்று தெரியாது. நான் போகவேண்டிய முரண்டு என்று முடிவு செய்தேன். போர்டு வில் மாதிரி வளைந்தது. மகன், "அப்பா!" என்று கத்தினான். அம்மா சமையலறையிலிருந்து, என்ன ஏதென்று கேட்காமலே, "உக்காரலைன்னா அழுத்தாதடா" என்றார்.

டப்பா பிரித்ததற்காக ஐநூறு ரூபாய் பிடித்துக்கொண்டு டிடிஆர்4 கொடுத்தார்கள்.

எல்லாம் சேர்த்து, பட்டனை அமுக்கினோம். ஃபேன்கள் சுற்றின. முன்பு தஞ்சாவூர் பொம்மை இருந்த இடத்தில் கலர் விளக்கெல்லாம் எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பு.

அப்போதுதான் பயாஸ் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பயாஸ் இருப்பது போர்டின் மேல் ஒரு சின்னச் சிப்பில்; எந்தெந்தப் பிராசசரைத் தெரியும் என்ற விவரம் அதில் இருக்கிறது. நண்பரின் போர்டு 2018 மாடல். ரைசன் 5000 வரிசை வந்தது 2020 நவம்பரில். அந்த வரிசைக்கு பி450 போர்டுகளில் இடமில்லை என்று 2020 மே மாதம் ஏஎம்டி முதலில் சொன்னது. பழைய போர்டுக்காரர்கள் போட்ட சத்தத்தில் அதே மாதமே சரி, தருகிறோம் என்று இறங்கிவந்தது. இடமில்லை என்றது பொய்யும் இல்லை. பல போர்டுகளில் அந்தச் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைட்தான். கல்யாணப் பந்தியில் புது விருந்தாளிக்கு இலை போட, முன்பே உட்கார்ந்திருந்த பழைய விருந்தாளியை எழுப்புவது போல, சில போர்டுகளில் மிகப் பழைய பிராசசர்களின் பெயரை எடுத்துவிட்டுத்தான் புதியவற்றைச் சேர்த்தார்கள்.

சரி, பயாஸை அப்டேட் செய்தால் போயிற்று. அப்டேட் செய்யக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். கம்ப்யூட்டர் ஓட பயாஸ் அப்டேட் ஆகியிருக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழியை நம் முன்னோர்கள் எதை மனதில் வைத்துச் சொன்னார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பிராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து ஏற்றிக்கொள்ளும் பட்டன் சில போர்டுகளில் உண்டு. நண்பர் விற்றதில் இல்லை. இருந்திருந்தால் அவர் விற்றிருக்கமாட்டார்.

மறுபடி ரிச்சி தெரு. ரிச்சி தெரு என்று சொல்கிறோமே தவிர, அது நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளுக்கெல்லாம் வழிந்து ஓடுகிற ஊர். ஒரு மாடியில், மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் படியில் நிற்கவேண்டிய அறையில், ஒரு பையன் இருந்தான். போர்டைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. மேசை டிராயரை இழுத்தான்.

அந்த டிராயரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய ரேம், பழைய பிராசசர், பாதி எரிந்த ஃபேன், பட்டன் பேட்டரிகள், திருகாணிகள். அதிலிருந்து 2017-ல் வந்த ரைசன் 3 1200 ஒன்றை எடுத்து, என் போர்டில் வைத்து, தன் கிராபிக்ஸ் கார்டைச் செருகி, கால் மணி நேரத்தில் பயாஸை ஏற்றி, என் பிராசசரைத் திரும்ப வைத்துக் காட்டினான். திரையில் எழுத்து வந்தது. முந்நூறு ரூபாய். "அந்தப் பழசை எதுக்குப்பா வச்சிருக்கே?" என்றேன். "இதுக்குத்தான் சார்" என்றான்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். மீண்டும் கறுப்பு.

போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது. மானிட்டர் ஒயரை அதில்தான் மாட்டியிருக்கிறேன். என்ன குறை? அரை மணி நேரம் கழித்து, மகன் மிகவும் சாவகாசமாகச் சொன்னான்: "அப்பா, அந்த ஓட்டை போர்டுல எப்பவும் இருக்கும்ப்பா. படம் காட்டற வேலை பிராசசருக்குள்ள இருந்தாத்தான் அதுல வரும். நம்ம 5600-ல கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி-ன்னா இருக்கும்."

வாசல் இருக்கிறது, வீட்டில் ஆளில்லை. சென்னையில் டீக்கடைக்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் ஒரு ஜி சேர்த்துக் கூப்பிட்ட நான், போட்டே ஆகவேண்டிய ஒரே இடத்தில் ஜி போடாமல் விட்டிருக்கிறேன். இன்டெல்காரர் முறையோ நேர் தலைகீழ்: அவர்களிடம் கிராபிக்ஸ் இல்லாததற்குத்தான் எஃப் என்று எழுத்துப் போடுவார்கள். அப்போது ஒருவர் இருப்பதற்குப் பட்டம் கொடுத்தார், இன்னொருவர் இல்லாததற்கு. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு டீ குடித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஜி இல்லாததுல எல்3 கேஷ் 32 எம்பிப்பா. ஜி-ல 16 தான். கேமுக்கு இதுதான் பெஸ்ட்."

"கேள்வி அது இல்லை."

"கிராபிக்ஸ் கார்டு எப்படியும் வாங்கப்போறோமேப்பா."

போறோமாம். கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று அவன் எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப் பையிலேயே இருந்தது. மூன்று மாதமாக நான் பாகங்களுக்குள் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் என் போனஸுக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கும் பொருத்தம் பார்த்திருக்கிறான். திட்டியிருக்க வேண்டும். ஆனால் என் பரம்பரையில் இவ்வளவு தூரம் முன்யோசனை உள்ள ஆள் இதற்குமுன் ஒருவர்தான் உண்டு. அவர் அப்போது தையல் டேப்போடு கேபினெட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"பின்னாடி தகட்டுலேருந்து முன்னாடி ஃபேன் வரைக்கும் பதினோரு இன்ச்" என்றார் அம்மா. "நாளைக்கு நானும் வரேன்."

ஒயர் கூடையில் எஸ்எம்பிஎஸ்ஸும் அதன் ஒயர்களும். அம்மா கையில் டேப். கடைக்காரர் மூன்று ஃபேன் வைத்த, உலக்கை போன்ற ஒரு கார்டை எடுத்துப் புகழ ஆரம்பித்தார். அம்மா டேப்பை வைத்தார். பன்னிரண்டரை. "வேற காட்டு தம்பி." இரண்டு ஃபேன் கார்டு, ஒன்பதரை இன்ச். "இதுக்குக் கரன்ட் ஒயர் எங்க சொருகணும்?" கடைக்காரர் எட்டுப் பின் துளையைக் காட்டினார். அம்மா கூடையிலிருந்த ஒயரை எடுத்து, செருகிப் பார்த்து, கழற்றினார்.

"இந்த ஒயர் கொஞ்சம் குட்டையா இருக்கும்மா. இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஒயர் நீளமா ஒண்ணு இருக்கு, சும்மா எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

சும்மா. நான் கையை நீட்டிவிட்டேன். அம்மா என் கையைத் தட்டினார். "வேற குக்கர் வெயிட்டப் போட்டா உக்காரும். விசில்தான் வராது. அப்புறம் என்ன ஆகும்னு தெரியும்ல?" பின்னாலிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா சொல்றது கரெக்டு, அதக் குடுக்காதப்பா" என்று கடைக்காரரை அதட்டினார். கார்டு பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தக் கம்பியில் என்ன ஓடுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செருகினால் உள்ளே போகும். இப்படி ஒயர் மாறி, ஹார்ட் டிஸ்கில் 5 வோல்ட் போகவேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போனால் அதோடு அது சரி. நான் இவ்வளவு நாள் பயந்ததெல்லாம் செருக முடியாதவற்றைப் பார்த்து.

கல்லாவில் அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். மூன்று மாதமாக, நாலு கடையில், எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்வி. "வீட்ல போய் மாட்டிப் பார்த்து வரலைன்னா திருப்பி எடுத்துப்பீங்களா? பில்லு பின்னாடி எழுதிக் குடுங்க."

அன்று இரவு எட்டரை மணிக்குக் கம்ப்யூட்டர் ஓடியது. மகன் ஏதோ ஒரு நகரத்தில் கார் ஓட்டி யாரையோ இடித்தான். என் மனைவி தன் தம்பிக்குப் போன் செய்து, வீட்டிலேயே செய்தது என்றாள், முறுக்கைச் சொல்வது போல. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். கடையில் மொத்தமாக வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையில் பாதி எங்கே வந்தது என்று கூட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

மேசையைத் துடைக்கும்போது ஒரு மெல்லிய தகடு கிடைத்தது. நீள்சதுரம், வட்டமும் சதுரமுமாக ஓட்டைகள். மதர்போர்டு டப்பாவின் அடியில் இருந்திருக்கிறது. மகன் பார்த்தான், அவன் முகம் மாறியது.

"இது ஐஓ ஷீல்டுப்பா. பின்பக்கம் வரணும். போர்டை வைக்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் முதல்ல மாட்டணும்."

"இப்ப மாட்டினா?"

"எல்லாத்தையும் கழட்டணும். போர்டு வரைக்கும்."

இரண்டு பேரும் கேபினெட்டைப் பார்த்தோம். உள்ளே ஃபேன்கள் ஊதா நிறத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா தகட்டை வாங்கினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், முந்தானையில் ஒருமுறை துடைத்தார், சமையலறைக்குப் போய் டிராயரை இழுத்தார்.