மேடு ஏறும் வண்டி சோதனையில் தேறுமா?

கேள்வி: பாலைவன ஓட்டத்துக்காக நிசான் பட்ரோலை உயர்த்தி, பெரிய டயர் மாட்டியிருக்கிறேன். முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்கும் சோதனையில் தேறுமா? (ஒரு வாசகர், துபாய்)

பதில்: முறையான அனுமதி இருந்தால் தேறும். அபுதாபி லிவாவின் மொரீப் மணல்மேடு சுமார் 300 மீட்டர் உயரம். அது யாரிடமும் காகிதம் கேட்பதில்லை. சோதனை மையம் கேட்கும்!

தனியார் காருக்கு முதல் 3 ஆண்டுகள் சோதனை இல்லை. பிறகு ஆண்டுதோறும் உண்டு. வண்டியை உயர்த்தியவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது பிரேக் ஹோஸை. அது பழைய நீளத்திலேயே இருந்தால், சக்கரம் கீழே தொங்கும்போது விறைத்து இழுபடும். அறுந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஹெட்லைட்டும் அண்ணாந்து, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். இறக்கிச் சரிசெய்ய வேண்டும். டயர் புதிதுபோல் மின்னினாலும் வயது 5 ஆண்டைத் தாண்டக் கூடாது. அதன் பக்கவாட்டில் உள்ள 4 இலக்கங்களில் முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

அனுமதியின்றி எஞ்சினிலோ சேஸிலோ கைவைத்தால் 1,000 திர்ஹாம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 12 கரும்புள்ளி, 30 நாள் வண்டி முடக்கம். வேகமோ சத்தமோ கூடும்படி மாற்றிய வண்டி துபாயில் பிடிபட்டால், 2023-ஆம் ஆண்டு ஆணைப்படி அதை மீட்கவே 10,000 திர்ஹாம்.

அடுத்த மாற்றத்துக்கு முதலில் அனுமதி வாங்குங்கள். பிறகு ஒர்க்ஷாப்புக்குப் போகலாம்.