விளக்குக் கம்பத்தில் ஒரு தாள்

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்த ஊர்க்காரர்களை வாய் திறக்க வைக்க ஒரே வழிதான் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை இழுத்துக் கட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் இப்போது அதுதான் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பக்கவாட்டில் கீழும் மேலுமாக இரண்டு அறை எடுக்கப் போகிறார். நம் ஊரில் மணல் லாரி வந்து தெருவை அடைத்த பிறகுதான் யார் கட்டுகிறார்கள் என்று விசாரிப்போம். இங்கே செங்கல்லுக்கு முன்னால் காகிதம் வந்துவிடும். இங்குள்ள நகராட்சியான கவுன்சில் அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் போடும், அல்லது விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போகும். நாயோடு உலாவ வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். நாயும் கம்பத்தடியில் தன் கருத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் நகர்கிறது.

தாளில் இருக்கும் விண்ணப்ப எண்ணைக் கவுன்சில் இணையதளத்தில் போட்டால் வரைபடம், ஜன்னல் இருக்கும் இடம் எல்லாம் தெரியும். கருத்துச் சொல்ல 21 நாள். புதிய விண்ணப்பங்களின் பட்டியலும் வாரா வாரம் வரும். எதிர் வீட்டுப் பாட்டி அதை, நம் சித்தி ராசிபலன் பார்ப்பதுபோல, ஒரு வாரம் விடாமல் பார்க்கிறார்.

ஆனால் வாய்க்கு வந்ததெல்லாம் எழுத முடியாது. 'என் ஜன்னலிலிருந்து தெரியும் மரம் மறைந்துவிடும்' என்றால் செல்லாது. 'என் வீட்டு விலை இறங்கிவிடும்' என்றாலும் செல்லாது. 'அந்த ஆளையே பிடிக்காது' என்பதைச் சொல்லவே வேண்டாம். வெளிச்சம் குறையும், என் படுக்கையறை அவர்கள் கண்ணில் படும், வண்டி நிறுத்த இடமில்லாமல் தெரு திணறும் என்றால் காது கொடுப்பார்கள். ஆள் திரட்டிக் கையெழுத்து வாங்கினாலும் தலையை எண்ணி முடிவு செய்வதில்லை. மூன்று தலைமுறைப் பகையைத் தெருவில் இழுத்துப் பேசும் நம் திறமைக்கு இங்கே வேலையே இல்லை.

மொட்டைக் கடுதாசியும் பொதுவாக எடுபடாது. எழுதியவை பெரும்பாலும் பெயரோடு எல்லோர் பார்வைக்கும் வந்துவிடும். தினமும் வேலியோரம் சிரித்துப் பேசுகிற ஒருவர் இந்த விண்ணப்பத்தை எதிர்த்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். விண்ணப்பக்காரரும் படித்துவிட்டார். இருவரும் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கும்போது வழக்கம்போல வானிலை பற்றித்தான் பேசுகிறார்கள்!

சிறிய விண்ணப்பங்களுக்கு 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றை அதிகாரிகளே முடித்துவிடுவார்கள். சர்ச்சை பெரிதானால் கவுன்சிலர்கள் குழுவுக்குப் போகும். பல ஊர்களில் அங்கே நேரில் பேச 3 நிமிடம் தருகிறார்கள். நம் பெரிய மாமாவுக்கு முன்னுரைக்கே அது போதாது.

எனக்கு உடன்பாடில்லாதது ஒன்றுண்டு. அனுமதி மறுத்தால் விண்ணப்பக்காரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த உரிமை இல்லை. அயர்லாந்தில் கருத்து எழுதியவர்களும் மேல்முறையீட்டுக்குப் போகலாம். அதுதான் நியாயம்.

ஆகவே நான் கெடுவுக்குள் எழுதிவிடப் போகிறேன். கட்டட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை; என் வீட்டைப் பார்க்கும் ஜன்னலுக்கு மட்டும் மங்கல் கண்ணாடி போட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள் என்று கேட்கப் போகிறேன்.

உங்கள் அண்ணன் மகன்