பெரியாரைப் பற்றி எழுத முன் அனுமதி

தருமபுரிப் பிள்ளைகள் பைசுஅள்ளி முதுநிலை விரிவாக்க மையத்திலேயே படித்து முடித்தாலும், பட்டம் தருவது சேலம் பெரியார் பல்கலைக்கழகம்தான். 1997இல் ஆரம்பித்தது.

அதன் இதழியல் துறை இணைப் பேராசிரியர் இரா. சுப்பிரமணி ‘பெரியாரின் போர்க்களங்கள்’ என்ற நூலைக் கொண்டுவந்தார். 2022இல் அவர் கைக்கு வந்தது பொன்னாடை அல்ல, குறிப்பாணை. முன் அனுமதி வாங்காமல் எப்படி வெளியிடலாம்? மெக்காலே பற்றிய இன்னொரு நூலுக்கும் சேர்த்தே விளக்கம் கேட்டார்கள், கையோடு கையாக.

நியாயம்தானே! 1933இல் ‘குடிஅரசு’ தலையங்கத்துக்காகக் கைதான ஈரோட்டுக்காரர் பெரியாரும் யாரிடமும் முன் அனுமதி வாங்கவில்லை.

அதே 2022இல், அதே பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி: தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது? தேர்ந்தெடுக்க நான்கு சாதிப் பெயர்கள். ஊரே கொதித்தபோது விளக்கம் வந்தது: கேள்வி கசிந்துவிடக் கூடாதல்லவா, அதனால் வினாத்தாளை முன்கூட்டி யாரும் படிப்பதில்லையாம்.