சக்கரத்தில் சிக்கிய முடி: பழைய ரிஃபார்மர் குறித்த ஒரு கள ஆய்வு

அக்கா மகள் அடையாறில் பிலாட்டிஸ் ஸ்டூடியோ திறக்கிறாள். திறப்புவிழாவுக்குத் தாய்மாமன் சீராக ஒரு ரிஃபார்மர் வாங்கித் தருவதாக இக்கட்டுரையாளர் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்குப் பின், வாய்விட்டுவிட்டார். விலை தெரிந்தது மறுநாள். இவ்வாய்வின் தேவை அங்கே எழுந்தது.

ரிஃபார்மர் என்பது யாது எனின், ஏறக்குறைய எட்டடி நீளச் சட்டம். அதன் தண்டவாளங்களில் முன்னும் பின்னும் ஓடும் மெத்தைப் பலகை. பலகையைச் சட்டத்தோடு பிணைக்கும் நான்கைந்து ஸ்பிரிங். இழுக்கக் கயிறு, உதைக்கக் கம்பி. படுத்துக்கொண்டே செய்வதால் அக்கா இதை முதல் நாளிலிருந்தே ‘கட்டில்’ என்றுதான் வழங்குகிறாள். வரலாற்று நோக்கில் இவ்வழக்கு பிழையன்று. 1883-இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸை முதல் உலகப்போரின்போது எதிரிநாட்டவர் என்று பிரிட்டிஷார் ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்து வைத்தனர். அங்கே நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே பயிற்சி செய்ய வைத்தார் என்பது அந்த மரபில் வழங்கும் கதை. கதை மெய்யானால், ரிஃபார்மரின் மூதாதையே செகண்ட் ஹேண்ட். 1926-இல் நியூயார்க் போய் எட்டாம் அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கன்ட்ராலஜி’. அது மங்கி, அவர் பெயரே நின்றது. அந்தப் பெயரும் பொதுச்சொல்தான், யாருக்கும் தனியுரிமை இல்லை என்று 2000-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பெயரே கைமாறலாம் என்றால் கட்டில் கைமாறுவதில் என்ன இழுக்கு? இதுவே நம் கருதுகோள்.

இதற்கு அக்கா எழுப்பிய தடை: “சீருக்கு எவனாவது பழசைக் குடுப்பானாடா?”

விடை பின்னர்.

பழையது விற்போரின் கூற்றுகளைத் தொகுத்தால் மூன்றே தேறும்: ‘ஒரே கை’, ‘ரெண்டு மாசம்தான்’, ‘இடமில்லாமத்தான் குடுக்கிறோம்’. மூன்றாவதை மட்டும் நம்பலாம். ஆய்வுக்குழு, அதாவது இக்கட்டுரையாளரும் அக்கா மகளும், பெசன்ட் நகரில் ஒரு வீட்டின் கார் ஷெட்டை அடைந்தது. உரிமையாளர் போர்வையை விலக்கி, “வீட்ல அவங்க ஒருத்தர்தான் சார், ரெண்டு மாசம்” என்றார்.

அக்கா மகள் பேசவில்லை. பலகையைத் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் ‘டொக்’கென்று தட்டியது. குனிந்து, சக்கரத்தின் அச்சில் நகத்தை விட்டுச் சுரண்டி எடுத்ததை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முடி. கீழடியில் மண்ணடுக்கைப் பார்ப்பதுபோல் பிரித்து வைத்தோம்: மேலே நீளக் கறுப்பு, நடுவில் மருதாணிச் சிவப்பு, அடியில் குட்டையாய், சுருட்டையாய் நரை. இரண்டு மாதத்தில் ஒருவருக்கு இத்தனையும் நேர்வது அரிது. உரிமையாளர் செம்பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து ஸ்பிரிங். உரம் உள்ள மரச்சட்டம் பல காலம் உழைக்கும். ஸ்பிரிங் அப்படியன்று, தளர்ந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாது. கொக்கியிலிருந்து கழற்றிப் பார்த்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கவேண்டும். அக்கா மகள் என் விசிட்டிங் கார்டை வாங்கி இடையில் செருகினாள். கார்டு அங்கேயே நின்றது. கடற்காற்றுத் துரு வேறு. வகுப்பு நடுவே அறுந்தால், உதைத்துக்கொண்டிருப்பவரின் கதியைச் சொல்லவேண்டியதில்லை. நாள் முழுதும் ஓடும் ஸ்டூடியோக்களுக்கு, இரண்டாண்டுக்கு ஒருமுறை எல்லா ஸ்பிரிங்கையும் மாற்றிவிடச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. நிறத்துக்கொரு வலிமை, ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறக்கணக்கு மாறும். எனவே எந்தக் கம்பெனி என்று தெரியாத பழசு, எவ்வளவு மலிவானாலும் தலைவலி.

புதியதைப் பற்றி எழுத அதிகமில்லை. வாரண்டி உண்டு. கப்பலில் வருவதானால் சுங்கவரியும் காத்திருப்பும் உண்டு. மாமாவிடம் அவ்வளவு பணம் இல்லை.

முடிவு: சட்டம் பழையது, ஸ்பிரிங், கயிறு, சக்கரம் புதியவை. முடி எடுத்த வகையில் விலையும் குறைந்தது. இனி அக்காவின் தடைக்கு விடை. சீர் என்பது தட்டில் வைத்துத் தருவது. எட்டடிச் சட்டம் எந்தத் தட்டிலும் அடங்காது. ஆகவே அது சீராகாது. தட்டில் அடங்குவது ஸ்பிரிங், அதுவோ புதியது.

லிஃப்ட் கொள்ளாததால் சட்டம் முந்தின இரவே படிக்கட்டு வழியாக மாடியேறிவிட்டது. காலையில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம், ஐந்து ஸ்பிரிங் வைத்த தட்டை அக்கா வாங்கிக்கொண்டாள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“இது புதுசுதான். கட்டிலு?”

இக்கட்டுரையாளர் அடக்கத்துடன் மறுமொழி கூறினார்: “ஒரே கைக்கா. ரெண்டு மாசம்தான் ஓடியிருக்கு.”